காஸ் மாத்திரை தானே, ஒண்ணும் பண்ணாது!

சும்மா கிடந்தவனைச் சொறிஞ்சு விட்டது போன வாரம் கண்ணுல பட்ட ரெண்டு பதிவுங்க. ஒண்ணு, 'பி.பி. மாத்திரையே மருந்துக் கம்பெனி சதி, முருங்கைக்கீரை சூப் குடிங்க' ரகம். இன்னொண்ணு, 'டாக்டரைக் கேள்வி கேக்குறவன் எல்லாம் அரைவேக்காடு' ரகம். ரெண்டுலயும் கும்மி அமோகம். ஆனா நம்ம ஊர்ல தினம் தினம் நடக்குற கூத்தை ரெண்டு பேருமே பார்க்கலை.

எனக்குப் பொழப்பு இருங்காட்டுக்கோட்டை சிப்காட்ல. ஒரு உதிரிபாகக் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். மூணு ஷிப்ட். எங்க லைன்ல நாப்பதைத் தாண்டினவன் பையைத் தடவினா பெரும்பாலும் ரெண்டு அட்டை சிக்கும். ஒண்ணு பி.பி.க்கு, ஒண்ணு காஸுக்கு. முதல் அட்டை யார் குடுத்ததுன்னு கேட்டா தேதியோட சொல்லுவான். ரெண்டாவது? "அதுவா சார்... காஸ் மாத்திரை தானே, ஒண்ணும் பண்ணாது."

என் கதையும் இதேதான். கம்பெனி மெடிக்கல் செக்கப்ல 160/100 காட்டுச்சு. அம்லோடிபின் எழுதிக் குடுத்தாங்க. பிரஷர் இறங்குச்சு, சந்தோஷம். ரெண்டு மாசத்துல நெஞ்செரிச்சல் ஆரம்பிச்சுது. நைட் ஷிப்ட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு கேன்டீன் பஜ்ஜி தின்னா எரியாம என்ன செய்யும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஹைவேஸ் ஓரத்து மெடிக்கல் ஷாப்ல சொன்னேன். "பேன்டாப்ரசோல் காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க சார்." போட்டேன். ஒரு வாரம் இல்லைங்க, மூணு வருஷம்.

அம்லோடிபின் என்ன செய்யுது? ரத்தக் குழாய்ச் சுவர்ல இருக்குற தசையைத் தளர்த்துது. அதனாலதான் பிரஷர் இறங்குது. ஆனா உணவுக்குழாயோட அடிப்பக்கம், இரைப்பைக்கு மேல, வால்வு மாதிரி ஒரு தசை வளையம் இருக்கு. இந்த வகை மாத்திரைக்கு அதுவும் தளர்ந்து போகலாம். வால்வு லூசானா ஆசிட் மேல ஏறத்தானே செய்யும்? எல்லாருக்கும் வராது, சிலருக்கு வரும். என்னை மாதிரி சிலருக்கு.

ஒரு மருந்தோட பக்கவிளைவைப் புது வியாதின்னு நினைச்சு அதுக்கு இன்னொரு மருந்து குடுக்குறதை 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்'னு சொல்லுவாங்க. ரோஷான், கர்விட்ஸ்னு ரெண்டு டாக்டருங்க 1997-லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இதைப் பத்தி எழுதிட்டாங்க. நாம தமிழ்ல மருந்துச் சங்கிலின்னு வெச்சுக்கலாம். எனாலாபிரில் மாதிரி மாத்திரைக்கு சிலருக்கு வறட்டு இருமல் வரும். 'ஆசிட் தொண்டைக்கு ஏறுது'ன்னு சொல்லி அதுக்கும் காஸ் மாத்திரை. இருமல் நிக்காது. அடுத்தது இருமல் சிரப். சங்கிலி நீளும்.

எங்க லைன்ல ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனா 'ஒய் ஒய் அனாலிசிஸ்'னு அஞ்சு தடவை 'ஏன்' கேட்டு பேப்பர் நிரப்பணும். நிரப்பலைன்னா கஸ்டமர் காரித் துப்புவான். அஞ்சு ரூபா பிளாஸ்டிக் கிளிப்புக்கு அஞ்சு ஏன். என் நெஞ்சுக்கு மூணு வருஷத்துல ஒரு ஏன் கூட கிடையாது. அதையே தொழிலா வெச்சிருக்குற நானே கேக்கலை, வெட்கக்கேடு!

இப்ப மருந்து தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து 'அம்லோடிபினும் பேன்டாப்ரசோலும் ஒண்ணோட ஒண்ணு மோதாது தம்பி'ன்னு பின்னூட்டம் போடுவார். சரிதாங்க. நேருக்கு நேரா பெருசா மோதல் இல்லைதான். அந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டுதான் எல்லாரும் கண்ணை மூடிக்கிறாங்க. மோதல் வேற இடத்துல நடக்குது.

என் மச்சான் ஒரகடத்துல வேலை. அவனுக்கு டெல்மிசார்டானோட குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை. கூடவே நாலு வருஷமா காஸ் மாத்திரை, வழக்கம் போல சொந்த முடிவு. ராத்திரியில கெண்டைக்கால் பிடிச்சு இழுத்து அலறுவான். நின்னுக்கிட்டே வேலை செய்யுறதால நரம்புக் கோளாறுன்னு தைலம் தேய்ச்சாங்க, வைட்டமின் ஊசி போட்டாங்க. ஒருநாள் நெஞ்சு படபடன்னு அடிச்சு கண்ணு இருட்டி விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்தா மெக்னீசியம் தரைமட்டம், பொட்டாசியமும் குறைவு.

குளோர்தாலிடோன் சிறுநீர் வழியா உப்பை வெளியேத்துற மாத்திரை. மெக்னீசியமும் அதோட போகும். பேன்டாப்ரசோல் வகையறாவை வருஷக்கணக்குல போட்டா குடல் மெக்னீசியத்தைச் சரியா உறிஞ்சாது. ஒருத்தன் வரவைக் குறைக்கிறான், இன்னொருத்தன் செலவைக் கூட்டுறான். சம்பளக்காரனுக்கு இதுக்கு மேல விளக்கணுமா? அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2011 மார்ச்லயே இதை எச்சரிக்கையா வெளியிட்டாச்சு. அவங்க பார்த்த கேஸ்கள்ல கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் மாத்திரை மட்டும் குடுத்தும் சரியாகலை, காஸ் மாத்திரையை நிறுத்த வேண்டியதாப் போச்சு. நம்ம ஊர் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையும் சும்மா இல்லை. இந்த மாத்திரைங்களால கிட்னி திடீர்னு பாதிக்கப்படலாம்னு உள்ளே வர்ற காகிதத்துல அச்சடிக்கச் சொல்லி 2020-ல உத்தரவு போட்டாங்க. அந்தக் காகிதத்தைப் பார்த்தவங்க கை தூக்குங்க. கத்தரிக்கோலால நாலு மாத்திரை வெட்டி வாங்குறவனுக்குக் காகிதம் எங்க வரும்?

கிட்னின்னதும் இன்னொருத்தரைச் சொல்லியாகணும். வலி மாத்திரை. எட்டு மணி நேரம் குனிஞ்சு நிமிர்றவனுக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும். டைக்லோஃபெனாக் போடுவான். அது பிரஷரை ஏத்தும், பி.பி. மாத்திரையோட வேலையைக் கெடுக்கும், வயித்தைப் புண்ணாக்கும். வயித்துக்கு மறுபடி காஸ் மாத்திரை. டெல்மிசார்டான், உப்பை வெளியேத்துற மாத்திரை, டைக்லோஃபெனாக்னு மூணும் ஒரே உடம்புல கூடினா கிட்னிக்கு ஆபத்துன்னு மருத்துவப் புத்தகத்துலயே இருக்கு.

இன்னொரு கோஷ்டி மாத்திரையே வேண்டாம்னு பொங்குற உப்பைத் தண்ணியில போட்டுக் குடிக்கும். 5 கிராம் பாக்கெட்டுல கிட்டத்தட்ட பாதி சோடா உப்பு. அதுல சோடியம் மட்டும் 600 மில்லிகிராமுக்குக் குறையாது. ஒரு நாளைக்கே 2000-க்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊறுகாயை ஒதுக்கிட்டு, ஏப்பம் வரணும்னு ரெண்டு பாக்கெட் அடிக்கிற பி.பி.க்காரரை என்ன சொல்ல?

டாக்டருங்களைத் திட்ட இதை எழுதலை. பி.பி. மாத்திரை இ.எஸ்.ஐ.யில வாங்குறான். ஊர்ல இருக்குற எங்கம்மாவுக்கு 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டு வாசலுக்கே வருது, நல்ல திட்டம். அந்த நோட்டுல பி.பி. மாத்திரை இருக்கும். காஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் மெடிக்கல் ஷாப்ல வாங்குறது, அது எந்த நோட்டுலயும் ஏறாது. எல்லா அட்டையையும் ஒரே மேஜையில பரப்பிப் பார்க்க ஒரு ஆள் கிடையாது. பேன்டாப்ரசோல் சீட்டு இல்லாம விக்கக்கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்து. அட்டையிலயே சிவப்புக் கோடு போட்டிருக்கு. முட்டாய் மாதிரிதான் விக்குது.

அதுக்காக இதைப் படிச்சுட்டு யாரும் பி.பி. மாத்திரையை நிறுத்தித் தொலைக்காதீங்க, பக்கவாதம் சொல்லிட்டு வராது. காஸ் மாத்திரையையும் ஒரே நாள்ல தூக்கிப் போட்டா ஆசிட் முன்னைவிட அதிகமாச் சுரந்து படுத்தும். ஸ்டென்ட் வெச்சு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போடுறவங்களுக்கு வயித்துல ரத்தக்கசிவு வராம இருக்க அது தேவையாவே இருக்கலாம். அதுலயும் ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலோட வேலையைக் குறைக்கும், எந்தக் காஸ் மாத்திரைன்னு டாக்டர்தான் சொல்லணும்.

நான் செஞ்சது இவ்வளவுதான். வீட்ல இருந்த எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு டாக்டரம்மா மேஜையில கொட்டினேன். "இதெல்லாம் எப்பலேர்ந்து?"ன்னு கேட்டாங்க. பி.பி. மாத்திரையை வேற வகைக்கு மாத்தினாங்க, காஸ் மாத்திரையை ஒரு மாசத்துல படிப்படியாக் குறைச்சாங்க. எரிச்சல் போச்சு. பஜ்ஜி இன்னும் தின்னுட்டுதான் இருக்கேன். பக்கவிளைவுன்னு சந்தேகம் வந்தா நோயாளியே 1800-180-3024-க்குப் போன் போட்டுப் பதியலாம்னு எனக்கு அப்பதான் தெரியும்.

மச்சானும் தேறிட்டான். டிஸ்சார்ஜ் ஆன கையோட அந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போய் சண்டை போட்டிருக்கான், நாலு வருஷம் ஏன்யா ஒரு வார்த்தை கேக்காம குடுத்தேன்னு. கடைக்காரர் நிதானமா சொன்னாராம்: "நாலு வருஷமா நீங்கதானே சார் பேர் சொல்லிக் கேட்டு வாங்கினீங்க?"