மானியம் யாருக்குப் போனது? பட்டியலை வாசியுங்கள்

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணின் கணக்கு ஊருக்கே தெரியும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்பதையெல்லாம் கிராம சபை தணிக்கை செய்யலாம் என்று 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே ஊரில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் பவர் டில்லருக்கும் அரசு தந்த மானியம் யார் யார் பெயரில் போனது என்று கேட்டால் பதில் வராது. கூலிக்காரர் கணக்கு பொதுவில் இருக்கிறது. நிலக்காரர் கணக்கு பீரோவில் இருக்கிறது.

சட்டம் இப்படிப் பாகுபாடு காட்டவில்லை. மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு.

பட்டியல் ஊருக்குத் தெரியாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2020-ல் பார்த்தோம். பிரதமரின் கிசான் நிதித் திட்டத்தில் தமிழகத்தில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் விசாரணை நடந்தது. அலுவலக பாஸ்வேர்டு இடைத்தரகர் கைக்குப் போயிருந்தது. கொரோனா உதவி வருகிறது என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்த ஏழைகளின் வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் திரும்ப எடுக்கப்பட்டது. பெயர்களை ஊர் நடுவே வாசித்திருந்தால், 'இவருக்கு ஏது நிலம்?' என்று முதல் தவணையிலேயே யாராவது கேட்டிருப்பார்கள்.

தலித் மக்களுக்கு இதில் இரட்டை அக்கறை உண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் சொந்தப் பெயரில் நிலம் உள்ளவருக்குத்தான். குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவருக்கு ஒரு தவணைகூடக் கிடையாது. பட்டியலில் இல்லாதவர் எதற்குப் பட்டியலைக் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1892-க்குப் பிறகு ஆங்கிலேய அரசு நம் முன்னோருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள் ஏராளமாகக் கைமாறிவிட்டன. அந்த நிலத்தைக் காட்டி இன்று மானியம் வாங்குகிறவர் யார்? சர்வே எண்ணோடு பட்டியல் வெளிவந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. வேளாண் இயந்திரங்கள் வாங்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு 20 சதவீதம் கூடுதல் மானியம் என்று தமிழக வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது நம் பெயரில் ஒதுக்கிய பணம். ஆவணத்தில் சேரிக்காரர் பெயர் இருக்க, இயந்திரம் வேறொருவர் களத்தில் நிற்பதாக ஊர்களில் பேச்சு அடிபடுகிறது. பட்டியலை மறைத்தால் அந்தப் பேச்சு அடங்காது. நேர்மையாக வாங்கியவர் மீதும் சந்தேகம் விழும்.

தனிநபர் தகவல் என்று காரணம் சொல்வார்கள். 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தப் பதில் இன்னும் சுலபமாகிவிட்டது. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் யாரும் கேட்கவில்லை. பெயர், சர்வே எண், திட்டம், தொகை, ஆண்டு இவை போதும். அரசுப் பணம் வாங்கியது எப்படி அந்தரங்கம் ஆகும்?

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டோம் என்பதும் போதாது. அந்தச் சுவர் பெரும்பாலும் ஊர்த் தெருவில் இருக்கிறது. சேரியிலும் ஒட்ட வேண்டும், கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் ஊராட்சியில் எந்தத் திட்டத்தில் யாருக்கு எவ்வளவு மானியம் என்று கேளுங்கள். வரும் பதிலை அடுத்த கிராம சபைக்கு எடுத்துச் சென்று சத்தமாக வாசியுங்கள்.