வீட்டில் இறப்பது விருப்பமா, வேறு வழியில்லாமலா? புற்றுநோயாளிகளின் கடைசி நாட்கள் பற்றித் தரவு சொல்வதும் சொல்லாததும்

அப்பாவுக்கு நான்காம் நிலைப் புற்றுநோய். நீங்கள் பெங்களூருவிலோ புனேவிலோ வேலை பார்க்கிறீர்கள். 'இனி கீமோ கொடுத்துப் பயனில்லை' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் வரும் கேள்வி, 'வேற எந்த ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம்?' என்பதாகத்தான் இருக்கும். 'அப்பா எங்க இருக்க ஆசைப்படுறார்?' என்று அவரிடமே கேட்பது அபூர்வம். பல வீடுகளில் நோயின் பெயரே அவருக்குத் தெரியாது.

2022-ம் ஆண்டுக்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் புற்றுநோயால் இறப்பவர்கள் சுமார் 9 லட்சம் பேர். இவர்கள் எங்கே இறக்க விரும்பினார்கள் என்று எந்த அரசுப் பதிவேடும் கேட்பதில்லை. உலக அளவில் கேட்டிருக்கிறார்கள். புற்றுநோயாளிகள் உட்பட 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் மக்களிடம் நடந்த 210 ஆய்வுகளை 2013-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலான ஆய்வுகளில் பெரும்பான்மையோர் சொன்ன பதில் 'வீடு'. நோய் முற்றிய பிறகும் ஐந்தில் நான்கு நோயாளிகள் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் ஊரில் இதற்கு ஆய்வு எதற்கு என்று தோன்றலாம். 'உயிர் வீட்லதான் போகணும்' என்று சொல்லி, ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

'வீடு' என்ற ஒரு சொல், இரண்டு மரணங்கள்

சிவில் பதிவு அமைப்பின் கணக்கைப் பாருங்கள். 2019-ல் பதிவான மரணங்களில் மருத்துவமனை போன்ற நிறுவனங்களில் நடந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கடைசி நேரத்தில் எந்த மருத்துவ கவனிப்பும் இல்லாமல் இறந்தவர்கள் 34.5%. கொரோனா வந்த 2020-ல் இது 45% ஆனது. இது எல்லா நோய்களுக்கும் சேர்த்த கணக்கு.

ஆக, இந்தியர்கள் ஏற்கெனவே பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியில்தான் இறக்கிறார்கள். அப்படியானால் விரும்பியது கிடைத்துவிட்டதா? இல்லை. வாரம் இருமுறை நர்ஸ் வந்து, வலிக்கு மருந்து கொடுத்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க இறப்பதும் வீட்டு மரணம். ஐசியு பில் கட்ட முடியாமல் 'டாக்டர் அறிவுரையை மீறிச் செல்கிறோம்' என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்து, வலியில் துடித்து இறப்பதும் வீட்டு மரணம். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். இடத்தை மட்டும் எண்ணுகிற தரவை வைத்து மரணத்தின் தரத்தை அளக்க முடியாது என்பது என் கருத்து.

இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் ஒரு மலிவான மாத்திரை: மார்ஃபின். 2017-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, கடும் வேதனையில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு மார்ஃபின் அல்லது அதற்கு இணையான மருந்து கிடைக்கிறது என்று கணக்கிட்டது. இந்தியாவில் 43 மில்லிகிராம், அதாவது தேவையில் 4%. மெக்சிகோவில் 562 மில்லிகிராம். இத்தனைக்கும் சட்டப்படி அபின் விளைவிக்கும் சில நாடுகளில் நாமும் ஒன்று. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அதற்கென அரசு ஆலைகளே இருக்கின்றன.

காரணம், 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். மார்ஃபின் வாங்கி வைக்க ஒரு மருத்துவமனை பல துறைகளில் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பலர் அந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே உரிமம் போதும் என்றானது. ஆனால் இடைப்பட்ட சுமார் 30 ஆண்டுகளில், மார்ஃபின் எழுதிப் பழகாத ஒரு தலைமுறை டாக்டர்கள் உருவாகிவிட்டார்கள். 'அடிமையாகிடுவார்' என்ற பயம் குடும்பங்களிடமும் இருக்கிறது.

கேரளா என்ன செய்தது?

1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சிறிதாகத் தொடங்கிய வலி தணிப்பு கிளினிக், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை நம்பி வளர்ந்தது. 2008-ல் ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலமானது கேரளா. பஞ்சாயத்து நிதியில் நர்ஸ் வீடு தேடி வருகிறார். டெல்லியில் 1996-ல் தொடங்கப்பட்ட 'கேன்சப்போர்ட்' அமைப்பு புற்றுநோயாளிகளின் வீடுகளுக்கே குழுவை அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டு ஆதரவு சிகிச்சை உண்டு. சென்னையில் வளர்ந்து குருகிராமில் வேலை பார்க்கும் உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீடுதான் சிறந்தது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது சரியல்ல. மூன்றாவது மாடி, ஒரே படுக்கையறை, லிஃப்ட் இல்லை. இரவெல்லாம் விழித்திருப்பது யார்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். 'பிள்ளைகளுக்குப் பாரமாக வேண்டாம்' என்று ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பவர்களின் விருப்பமும் விருப்பம்தான். அவர்களுக்காகத்தான் ஹாஸ்பைஸ். 1986-ல் மும்பை பாந்த்ராவில் தொடங்கிய 'சாந்தி அவேத்னா சதன்' நாட்டின் முதல் ஹாஸ்பைஸ். பெங்களூருவில் 'கருணாஷ்ரயா' கட்டணமில்லாமல் நடக்கிறது. ஆனால் பெருநகரங்களைத் தாண்டினால் இப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.

உங்கள் இன்ஷூரன்ஸ் எதற்குப் பணம் தரும்?

ஆபீஸ் குரூப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேர அட்மிஷனை மையமாக வைத்தவை. ஆயுஷ்மான் பாரத்தின் 5 லட்சம் ரூபாயும் அப்படித்தான். ஐசியுவில் பத்து நாள் வைத்தால் க்ளெய்ம் உண்டு. நர்ஸ் வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் கைக்காசு. அப்பாவின் ஆசை வீடாக இருந்தாலும், பணம் அவரை ஐசியு பக்கம் தள்ளுகிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான் என்பேன்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. குணமாகும் வாய்ப்பில்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையால் அதைச் செயல்படுத்துவது கடினமாக இருந்தது. 2023 ஜனவரியில் அது தளர்ந்தது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். இந்த ஆவணம் மரணம் எங்கே நிகழும் என்பதை உறுதி செய்யாது. ஆனால் கடைசி நேரத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் வரும் 'வைக்கலாமா, எடுக்கலாமா' சண்டையைக் குறைக்கும்.

வீடு என்று முடிவானால் டாக்டரிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள். வாய்வழி மார்ஃபின் எங்கே கிடைக்கும்? இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது? இறந்த பிறகு காரணச் சான்றிதழ் யார் தருவார்கள்? மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டு மரணத்துக்குப் படிவம் 4ஏ. கடைசியாகக் கவனித்த டாக்டர் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. ஆனால் நகரத்து மின்மயானத்தில் அந்தக் காகிதத்தை அன்றைக்கே கேட்பார்கள்.