தூரக்கூடாத வாய்க்கால்

கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து சேர்ந்தால்தான் தம்பலகாமத்து வயல்கள் விளையும். வாய்க்கால் தூர்ந்தால் பயிர் கருகும். இதனை எமது உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிறந்து ஓரிரு நாட்களேயான குழந்தையின் நெஞ்சினுள்ளும் இவ்வாறே நேரலாம் என்பதைக் கூறவே இன்று எழுதுகின்றோம்.

உலகில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 8 அல்லது 9 குழந்தைகள் இதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. அவற்றுட் சிலவற்றுக்கு இதயத்திலிருந்து சுவாசப்பைக்கு இரத்தம் செல்லும் வழியே அடைபட்டிருக்கும். கருவில் இருந்தபோது பெருநாடியையும் சுவாசப்பை நாடியையும் இணைத்த சிறு குழாயே அக்குழந்தைகளுக்கு உயிர்வழி. ஏனைய குழந்தைகளில் சில நாட்களில் இயல்பாக மூடிவிடும் அக்குழாய், இவர்களில் மூடினால் உயிரே போய்விடும்.

1944 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், நீலம் பாரித்த குழந்தைக்குச் சத்திரசிகிச்சையால் மாற்றுவழி அமைத்தனர். 1990களில் இன்னொரு முறை தோன்றியது. தொடையிலோ கழுத்திலோ உள்ள இரத்தக்குழாய் வழியே ‘ஸ்டென்ட்’ என்னும் நுண்ணிய உலோக வலைக்குழாயைச் செலுத்தி, மூடவிருக்கும் குழாயைத் திறந்தபடியே வைத்திருப்பதே அம்முறை. நெஞ்சைத் திறவாமல் உயிர் காக்கும் இம்முறையை நாம் வரவேற்கின்றோம்.

எனினும், ஸ்டென்ட் வைத்ததோடு அபாயம் நீங்கிவிடுவதில்லை. அதனுள் இரத்தம் உறைந்து அடைபடலாம். உட்சுவரில் தசை வளர்ந்து வழி குறுகலாம். ஸ்டென்ட் இடம் பெயரலாம். சுவாசப்பைக்கு இரத்தம் மிகையாகப் பாய்ந்து இதயம் களைத்துப் போகலாம். மேலும், குழந்தை வளரும். உலோகம் தானாக வளராது. ஆகவே அது அடுத்த சத்திரசிகிச்சை வரைக்குமான பாலமேயன்றி முடிவான தீர்வன்று. வயிற்றோட்டத்தாலோ வாந்தியாலோ உடல்நீர் வற்றினால் இரத்தம் உறையும் அபாயம் பெருகும். மற்றக் குழந்தைக்குச் சிறு நோயாக இருப்பது இக்குழந்தைக்குப் பேராபத்து. பால் குடிக்க மறுத்தாலும், உதடு கருநீலமானாலும், மூச்சு வாங்கினாலும் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரின் மருந்தை நிறுத்தவே கூடாது.

இச்சிகிச்சைக்கு நாட்டின் முதன்மை நிலையம் கொழும்பிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. தம்பலகாமத்திலிருந்து அது 200 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. அங்கு இதயநோய்ச் சிறுவர்க்கெனக் கட்டடம் எழுப்ப ‘லிட்டில் ஹார்ட்ஸ்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது நாட்டு மக்கள் வாரி வழங்கினர். கொழும்பில் கட்டடம் உயர்வது நன்று. ஆனால் அதன் வாயிலை அடையுமுன்னரே குழந்தை இறக்குமாயின் கட்டடத்தால் பயன் என்ன?

ஆதலின் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் வீடு திரும்புமுன் வலக்கையிலும் காலிலும் ஒட்சிசன் அளவு பார்க்கப்படுதல் வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனைக்கு ஊசியும் வேண்டா. இரண்டாவது, அக்குழாயை மூடாது காக்கும் புரொஸ்டகிளாண்டின் மருந்து திருகோணமலையில் ஒரு நாளேனும் இல்லாதிருத்தலாகாது. அம்மருந்து சில வேளைகளில் குழந்தையின் மூச்சையே நிறுத்துமாதலால், பயிற்சி பெற்றவர் உடன் செல்லும் வண்டியும் வேண்டும். மூன்றாவது, சிகிச்சை பெற்று மீண்ட குழந்தைகளை ஒழுங்காகப் பரிசோதிக்கும் இதயநோய்க் கிளினிக் இம்மாவட்டத்திலேயே நடத்தப்படுதல் வேண்டும். தாயின் கையில் கொடுக்கும் அறிவுரை தமிழில் இருத்தலும் வேண்டும். 1987 இல் தமிழும் அரசகரும மொழி எனச் சட்டத்தில் எழுதப்பட்டது, அறிவிப்புப் பலகைகளை அலங்கரிப்பதற்காக மட்டுமன்று. தாய்க்கு விளங்காத அறிவுரை குழந்தையைக் காவாது.

மருத்துவர்களே, இக்கோரிக்கைகளை உரிய இடத்தில் எடுத்துரையுங்கள். உழவர்களே, உங்கள் பிரதிநிதிகளிடம் கேளுங்கள். வாய்க்கால் தூர்ந்தால் ஒரு போகம்தான் போகும். அடுத்த போகம் வரும். குழந்தைக்கு அடுத்த போகம் இல்லை.