12ஆம் எண் படகு

திருச்சிக்காரருக்குக் கடல் என்றால் பயணிச்சீட்டுதான். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ ஏறிப் பினாங்கு போன தாத்தா. போட் மெயிலில் தனுஷ்கோடி போய், ‘இர்வின்’ அல்லது ‘கோஷன்’ பிடித்துத் தலைமன்னார் சேர்ந்த பெரியப்பா. அவ்விரு கப்பல்களும் நம்மூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயுடையவை. தாத்தா வாந்தியெடுத்த கதை ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் இன்னும் ஓடுகிறது. கீழ்த்தட்டில் பாய்லருக்குக் கரி தள்ளியவன் கதை நம்மிடம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை ஓட்டியவர்களில் பல்லாயிரம் பேர் இந்தியர்கள். ‘லஸ்கர்’ என்பார்கள். 1940 செப்டம்பர் 17 இரவு, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கனடா புறப்பட்ட ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 77 குழந்தைகளோடு நூற்றுக்கு மேற்பட்ட லஸ்கர்களும் போனார்கள். 12ஆம் எண் உயிர்ப்படகு மட்டும் எட்டு நாள் அட்லாண்டிக்கில் அலைந்து பிழைத்தது. அதிலிருந்த 46 பேரில் ஆறு சிறுவர்கள். முப்பதுக்கு மேல் லஸ்கர்கள். பிரிட்டன் கொண்டாடியது சிறுவர்களையும், அவர்களைக் கதை சொல்லித் தேற்றிய மேரி கார்னிஷையும். அந்த அம்மாள் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் படகில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் செய்தியில் வெறும் கூட்டமாக நின்றுவிட்டார்கள்.

போர் தொடங்கியபோது இவர்கள் சம்பளம் வெள்ளை மாலுமியுடையதில் கால் பங்குகூட இல்லை. 1939 இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை போனார்கள். அதன் பிறகே கூலி கொஞ்சம் உயர்ந்தது. எனக்கு இதுவும் வீரம்தான். இதற்குப் பதக்கம் கிடையாது.

போரில் இறந்த இந்தியக் கப்பலோட்டிகள் கிட்டத்தட்ட 6,000 பேர். லண்டன் டவர் ஹில்லில் பிரிட்டிஷ் வணிகக் கப்பலோட்டிகளின் பெயர்கள் வெண்கலத்தில் இருக்கின்றன. இந்தியர் பெயர்களுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் தலா ஒரு பதிவேடு.

ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் போர்க்காலக் கடலைத் தமிழுக்குத் தந்தார். அங்கும் நாயகன் பயணி. கப்பலையே பிழைப்பாகக் கொண்டவனின் தமிழை நாம் இன்னும் கேட்கவில்லை. நாகூர், நாகை, தூத்துக்குடிப் பக்கம் அப்படியொருவரின் பழைய கப்பல் புத்தகமோ கடிதமோ எந்த வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் படியெடுத்து அனுப்புங்கள். எழுத்துப்பிழையோடு இருந்தாலும் திருத்தாமல் அச்சிடுவோம்.