இருதயம் வரை போகவிட்டது யார்?

மீஞ்சூரை அடுத்து வள்ளூர் இருக்கிறது. 1,500 மெகாவாட் மின்சாரம் தரும் அனல்மின் நிலையம் அங்கே உயர்ந்து நிற்கிறது. அதன் நிழலில் மண் சுமக்கவும், கூட்டிப் பெருக்கவும் காண்டிராக்ட் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அதற்கு அப்பால் பொன்னேரிப் பக்கத்து வயல்களில் நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் பேசப் போகிறோம். பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். கூச்சம் உயிரைக் குடிக்கிறது என்பதால்தான் பேசுகிறோம்.

இந்தப் பெண்களில் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். வயது நாற்பத்தைந்து. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் உதிரம் படுகிறது. நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது. “தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. புருஷனிடம் சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். இரண்டு நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வான். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடுகிறது. இடுப்பு வலி தாங்காமல், ஒரு கால் வீங்கிய பிறகு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், முற்றிவிட்டது என்கிறார்கள். கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் வந்து போக பஸ் காசு யார் தருவது? பாதியில் நின்றுவிடுகிறாள்.

சில மாதம் கழித்து மூச்சு இரைக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் “சாம்பல் தூசி, ஆஸ்துமா” என்று நினைக்கிறார்கள். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இருதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது, நோய் அங்கே போய்விட்டது என்கிறார்.

கர்ப்பப்பையில் வந்த நோய் இருதயத்துக்கு எப்படிப் போகும் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

புற்றுநோய் என்பது உடம்பின் ஒரு மூலையில் கட்டுப்பாடு இல்லாமல் பெருகும் அணுக்கள். அவை இடத்திலேயே இருக்கும் வரை வெட்டியோ, சுட்டோ, கரண்ட் வைத்தோ ஒழிக்கலாம். நாள்படவிட்டால் அவை வழி தேடுகின்றன. ஒரு வழி நிணநீர்க் குழாய்கள்: இடுப்பிலிருந்து வயிற்றுக்கும், அங்கிருந்து நெஞ்சுக்கும் ஏறும். இன்னொரு வழி ரத்தம். கீழுடம்பின் ரத்தம் எல்லாம் ஒரு பெரிய சிரை வழியாக இருதயத்தின் வலது அறைக்குத்தான் போய்ச் சேருகிறது. கர்ப்பப்பையில் தோன்றும் சிலவகைக் கட்டிகள் அந்தச் சிரைக்குள்ளேயே கொடிபோல வளர்ந்து இருதயத்தை எட்டியதையும் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் இருதயம் சுலபத்தில் இடம் கொடுப்பதில்லை. இரவு பகல் ஓயாமல் சுருங்கி விரிகிற தசை அது. ரத்தம் வேகமாக ஓடுகிற இடம். வந்த அணு ஒட்டிக்கொண்டு வேர்விடுவது கடினம். எனவே பெண் உறுப்புகளின் புற்றுநோய் இருதயத்துக்குப் பரவுவது அபூர்வம். நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களிலிருந்து பரவுவதே அதிகம். போய்ச் சேரும்போது பெரும்பாலும் இருதயத்தை மூடியிருக்கும் உறையைத்தான் முதலில் பிடிக்கிறது. உறைக்குள் நீர் சேர்ந்து இருதயத்தை நெருக்குகிறது. ஊசி போட்டு நீரை எடுத்தால் மூச்சு திரும்பும். அது பெரிய ஆறுதல். அதை உடனே செய்யத்தான் வேண்டும். ஆனால் கர்ப்பப்பை வாய் நோய் அந்த நிலைக்கு வந்தபின் ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்குதான். இதை நாம் மறைக்கவில்லை.

ஒரு விலக்கையும் சொல்லவேண்டும். முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பிறகோ அபூர்வமாக வரும் ஒருவகைப் புற்றுநோய் உண்டு. அது நுரையீரல்வரை பரவியபின்னும் மருந்தால் தீரக்கூடியது என்பது 1956-லேயே தெரிய ஆரம்பித்தது. ஆகவே “பரவிவிட்டது” என்ற வார்த்தையைக் கேட்டவுடன் நோயாளியை வீட்டுக்குத் தூக்கிவந்துவிடக் கூடாது. எந்த நோய், எங்கே, என்ன வைத்தியம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இருதயம் வரை பரவுவது அபூர்வம் என்றால் ஏன் இத்தனை பேச்சு என்று கேட்கலாம். இதுதான் காரணம்: கர்ப்பப்பை வாயிலிருந்து இருதயத்துக்குப் போகும் பாதை நீண்ட பாதை. அதன் நடுவே பல கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கதவையும் சாத்த விஞ்ஞானத்திடம் சாவி இருக்கிறது. அப்படியிருந்தும் ஏழைப் பெண்ணுக்கு மட்டும் எல்லாக் கதவுகளும் திறந்தே கிடக்கின்றன. இது விதியா?

விதியல்ல. இந்த நோய் ஏறக்குறைய முழுவதும் எச்.பி.வி. என்ற ஒரு வைரஸால் வருகிறது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றுவது உடலுறவின் மூலம். பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது ஒரு சமயம் தொற்றி, தானாகவே போய்விடுகிறது. ஆகவே இது யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியல்ல. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கியது புற்றுநோயாக மாறச் சாதாரணமாகப் பத்து, இருபது வருஷம் ஆகும். இருபது வருஷம்! எச்சரிக்கை கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து வருகிற எதிரி இது. அவனிடமா நாம் தோற்பது?

இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வள்ளூரிலும் எண்ணூரிலும் எந்த நோய் வந்தாலும் “எல்லாம் இந்தப் புகையால்தான்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. புகையும் சாம்பலும் நமக்குச் செய்யும் தீங்கு பெரிது; அதற்கு எதிரான போராட்டம் தனி. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூலகாரணம் வைரஸ். புகையின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் நஷ்டம் நம் பெண்களுக்குத்தான்.

சாவி இருக்கிறது என்றோம். சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2000-ம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரை உள்ள கிராமத்துப் பெண்களிடம் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. காடியில் உள்ள அமிலத்தை நீர்த்து, கர்ப்பப்பை வாயில் தடவி, வெளுக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை. பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். முடிவு 2007-ல் வெளிவந்தது. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யப்பட்ட கிராமங்களில் இந்த நோய் வருவது நூற்றுக்கு 25 பங்கும், சாவது நூற்றுக்கு 35 பங்கும் குறைந்தது. பெரிய மெஷின் இல்லை, மாட மாளிகை இல்லை. ஒரு விளக்கு, கொஞ்சம் அமிலம், கற்றுக்கொண்ட ஒரு நர்ஸ்.

அதே ஆராய்ச்சியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 30,958 பெண்களுக்கு இந்தப் பரிசோதனை ஏற்பாடு செய்யப்படவில்லை. வழக்கமான வைத்தியம்தான் அவர்களுக்கு. பணக்கார நாடுகளின் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் பரிசோதனை செய்துகொண்டு பிழைத்து வந்த காலம் அது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்ணிக்கையாக நிற்பது எப்போதும் நம் கூலிக்காரப் பெண்கள்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கேள்வி நம் நாட்டோடு நிற்பதல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவள் ஹென்ரீட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண். புருஷன் பால்டிமோர் அருகே ஸ்பாரோஸ் பாயிண்ட் எஃகு ஆலையில் தொழிலாளி. வயலும் ஆலையும் சேர்ந்த குடும்பம், நம் குடும்பங்களைப் போல. 1951-ல் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று கண்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தார்கள். அதே சமயம் அவளைக் கேட்காமலே அவளுடைய கட்டியிலிருந்து அணுக்களை எடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி, நோய் உடம்பெங்கும் பரவி, 31 வயதில், ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு அவள் இறந்தாள். ஆனால் அவளுடைய அணுக்கள் ஆய்வுக்கூடங்களில் சாகாமல் பெருகின. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க உதவின. கம்பெனிகள் அவற்றை விற்றன. குடும்பத்துக்கு 1970-கள் வரை ஒன்றும் தெரியாது. 2023 ஆகஸ்டில்தான் ஒரு பெரிய கம்பெனி அவளுடைய வாரிசுகளோடு சமரசத்துக்கு வந்தது. எழுபத்திரண்டு வருஷம்!

உழைக்கும் பெண்ணின் உடம்பு விஞ்ஞானத்துக்குக் கொடுத்திருக்கிறது. கம்பெனிக்கு லாபம் கொடுத்திருக்கிறது. அந்த விஞ்ஞானத்தின் பலன் உழைக்கும் பெண்ணுக்குத் திரும்பி வர வேண்டாமா? அவளுடைய அணுக்களிலேயே அந்த வைரஸின் ஒரு வகை பின்னால் கண்டறியப்பட்டது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய தடுப்பூசி. வைரஸ் தொற்றுவதற்கு முன்பே, சிறு வயதில், பெண் குழந்தைகளுக்குப் போட்டால் நோயின் பெரும்பகுதியைத் தடுக்கலாம். புனேயில் தயாரான இந்தியத் தடுப்பூசி 2023-ல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதைப் படிப்படியாக இலவசமாகப் போடுவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். அறிவிப்பு ஊசியாக மாறி, வள்ளூர்க் குப்பத்துக் குழந்தையின் கையில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

தடுப்பூசி என்றதும் சிலருக்குப் பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2009-ல் கம்மத்திலும் வடோதராவிலும் ஆதிவாசி, ஏழைச் சிறுமிகளுக்கு ஒரு திட்டத்தின் பேரில் இந்த ஊசி போடப்பட்டது. பல இடங்களில் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டார். ஏழு சிறுமிகள் இறந்தனர். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. சாவுக்கு ஊசி காரணமென்று விசாரணையில் தெரியவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போடப்பட்டுப் பத்திரமானது என்று நிரூபணமான ஊசி இது. குற்றம் கேட்காமல் போட்டதில்தான். ஆகவே “ஊசி வேண்டாம்” என்பது நம் கோஷமல்ல. நமக்குப் புரிகிற தமிழில் சொல்லு, சம்மதம் கேள், பிறகு எல்லோருக்கும் போடு என்பதுதான் நம் கோரிக்கை.

நிலைமை இன்று எப்படி? ஒவ்வொரு வருஷமும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. சுமார் 80,000 பேர் சாகிறார்கள் என்று 2022-க்கான உலகக் கணக்கு சொல்கிறது. 2019-21 குடும்பநலச் சர்வேயின்படி 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஒரு தடவையேனும் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில். மற்ற மாநிலங்களைவிட மேல் என்று மார்தட்டிக்கொள்ளலாமா? மீதித் தொண்ணூறு பேர் யார்? களத்துமேட்டிலும் காண்டிராக்ட் கேட்டிலும் நிற்கிறவர்கள் அல்லவா?

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். சென்னையில் 1980-களில் பெண்களின் புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய் நோயே முதலிடத்தில் இருந்தது. இன்று அது குறைந்து, மார்பகப் புற்றுநோய் முன்னுக்கு வந்திருக்கிறது. ஆகவே குறைக்க முடியும். நகரத்தில் முடிந்தது வள்ளூரில் ஏன் முடியாது?

நாம் கேட்பது இதுதான். முப்பது வயது கடந்த ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் பரிசோதனை நாளன்று கூலியோடு லீவு வேண்டும்; காண்டிராக்டரிடம் வேலை செய்தாலும் வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரும் ஈ.எஸ்.ஐ.யில் பதிவாக வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, வேலை முடிந்த மாலை நேரத்தில், பெண் நர்ஸ் கையால் பரிசோதனை வேண்டும். வைரஸையே கண்டுபிடிக்கும் புதிய பரிசோதனை கிராமத்துக்கும் வர வேண்டும். கரண்ட் வைத்தியம் நடக்கும் நாள் முழுவதும் பஸ் செலவும் தங்க இடமும் சர்க்கார் தர வேண்டும். பாதியில் நின்ற வைத்தியம்தான் நோய்க்குத் திறந்துவிட்ட கதவு.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வைரஸைச் சுமந்து வருவதில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவே வெட்கப்பட வேண்டியவள் அவள் அல்ல. சங்கத்தில் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் குரல் கொடுக்கிற நாம், வீட்டில் “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று ஒரு தடவை கேட்டிருக்கிறோமா? மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டாலும், உறவுக்குப் பின் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும், காரணமின்றி வயிறு உப்பிக்கொண்டே வந்தாலும் அடுத்த நாளே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஏற்கெனவே வைத்தியம் செய்துகொண்டவளுக்கு மூச்சு இரைத்தால் தூசி என்று தள்ளாதீர்கள். பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அன்றே போங்கள்.

பெண் தோழர்களே! தனியாகப் போக வெட்கமென்றால் பத்துப் பேராகப் போங்கள். நடவுக்குப் போவது கூட்டாகத்தானே? கூலி கேட்டு நிற்பதும் கூட்டாகத்தானே? உயிரைக் காக்கவும் அப்படியே போவோம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிளையும் கூடி, தன் தெருவில் முப்பது வயது கடந்த பெண்கள் எத்தனை பேர், பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு எடுக்கட்டும். அந்தக் கணக்கோடு சுகாதார நிலையத்தின் வாசலுக்குப் போவோம்.