மதிப்பீடா, மறுப்பா?

மூன்றரை வயதுப் பிள்ளையை நாற்காலியில் அமர்த்தி, நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டு, விடை வராவிடின் 'இன்னும் பக்குவமில்லை' எனத் திருப்பியனுப்புவதற்கு மதிப்பீடு என்றா பெயர்? பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் பள்ளி நடத்தும் நம் சமுதாயப் பெரியவர்களைக் கேட்கிறோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியிற் சேர்க்கப் பிள்ளையைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடுத்தது. முதன்முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்றது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டத்திலிருந்து விலக்கியது. (2025இல் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அவ்விலக்கையே ஐயுற்றது.) விலக்குக் கிடைத்தது நம் தனித்தன்மையைக் காக்க. லெப்பைக்குடிக்காட்டில், தந்தை வளைகுடாவிலிருக்கப் பாட்டியின் மடியில் வளரும் பிள்ளையை வாசலில் நிறுத்துவதற்கன்று.

மதிப்பீடே வேண்டாம் என்போமல்லோம். தன் பெயரைச் சொல்கிறதா, இரண்டு ஏவல்களை அடுத்தடுத்துச் செய்கிறதா, ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணுகிறதா என்பதெல்லாம் ஆசிரியை அறிய வேண்டியவையே. சேர்த்துக்கொண்ட பின், விளையாட்டினூடே, தாய்மொழியில்! முதல் வகுப்புக்கென 2021இல் வந்த 'வித்யா பிரவேஷ்' என்னும் மூன்று மாத ஆயத்தமும் சேர்க்கைக்குப் பின்னரே தொடங்குவது.

அலிஃப் அறியாமல் மக்தபுக்கு வரும் பிள்ளையிடம் உஸ்தாத் என்ன செய்கிறார்? நாவு தடுமாறும் இடத்தைக் கேட்டறிந்து அங்கிருந்தே தொடங்குகிறார். அடுத்த சேர்க்கைக்கு முன் நிர்வாகிகள் அந்த வினாத்தாளைக் கிழித்தெறியட்டும்.