ஃபார்முலா கேட்கும் கூட்டம்

"எனக்குக் கணக்கு வராது" என்று சொல்பவர்களில் பலருக்குக் கூட்டல், கழித்தல் எல்லாம் நன்றாகவே வரும். வராதது ஒன்றுதான். கணக்கில் இருக்கும் இரண்டு வரியை நிதானமாகப் படிப்பது!

இந்த வீட்டுப்பாடத்தைப் பாருங்கள். அப்பாவின் வயது மகன் வயதைப் போல 3 மடங்கு. 12 வருடம் கழித்து 2 மடங்கு. மகனுக்கு இப்போது என்ன வயது?

மகன் எக்ஸ் என்றால் அப்பா 3 எக்ஸ். 12 வருடத்தில் அப்பாவுக்கு மட்டுமா வயது கூடும்? மகனுக்கும்தானே! ஆக, 3 எக்ஸ் + 12 = 2 (எக்ஸ் + 12). மகனுக்கு 12, அப்பாவுக்கு 36. முடிந்தது.

இதில் "மகனுக்கும் கூடும்" என்று தோன்றுகிறதே, அதுதான் கணக்கு. மிச்சம் கால்குலேட்டர் வேலை. அன்று கைடைப் பார்த்து எழுதியவரும் சரி, இன்று ஏஐயிடம் கேட்டு எழுதுபவரும் சரி, தொலைப்பது அந்த ஒரு இடத்தைத்தான்.

அடுத்த கூத்து. 10 பேர் ஒருவருக்கொருவர் ஒரு முறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? உடனே வகுப்பில் எழும் கேள்வி: "சார், இது பெர்முடேஷனா, காம்பினேஷனா?" அட, எண்ணிப் பாருங்கப்பா! ஆளுக்கு 9 என்றால் 90. நீங்கள் அவர் கையைக் குலுக்கினாலும், அவர் உங்கள் கையைக் குலுக்கினாலும் ஒன்றுதான். எனவே பாதி, 45. ஃபார்முலா அதற்குப் பிறகு வரட்டும்.

இது இந்த ஊர் வியாதி மட்டுமல்ல. 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிளில் சிறுவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு. கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர், இருந்த எண்களை வைத்தே ஒரு வயது சொல்லிவிட்டார்கள்! பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. எண்ணைக் கண்டால் ஏதாவது செய் என்று பழக்கியது வகுப்பறை.

"இதெல்லாம் வாழ்க்கைக்கு உதவுமா?" என்று பி.காம் படிப்பவர்களே கேட்பதுதான் கொடுமை. 12,000 ரூபாய் கடன், 12 சதவீதம் ஃப்ளாட் வட்டி, மாதம் 1,120 வீதம் 12 தவணை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்தில் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வட்டி முழு 12,000க்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டும்!

ஆசிரியர்களே, கடைசி வரி விடைக்குக் கொடுக்கும் மார்க்கில் பாதியை, வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் முதல் வரிக்குக் கொடுங்கள். மாணவர்களே, அந்த முதல் வரியையாவது சொந்தமாக எழுதுங்கள். கடன் பத்திரமும் ஒரு வீட்டுப்பாடம்தான். அதன் கடைசிப் பக்கத்தில் விடை அச்சிட்டிருக்காது.